நனைத்த சாக்கு

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மலை. மலையடிவாரம் என்றால் குளுகுளுவென்று இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். செஞ்சி மலை வெறும் பாறை. பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகும் எங்கள் மேல் ஊதிக்கொண்டே இருக்கும்.

அதற்கு எங்களுக்குத் தெரிந்த வழி சாக்கு. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை கட்டும் கோணியைப் பிரித்து, மலைப்பக்க ஜன்னலில் கட்டி, தண்ணீர் ஊற்றி நனைப்போம். அனல் காற்று அதில் பட்டு ஜில்லென்று உள்ளே வரும். நான் மூன்றாவதோடு நின்றவள்தான். ஆனால் வெயிலைப் பற்றி எவரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற எண்ணம் எனக்கு உண்டு.

என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் விழுந்து, வலது கை காலும் பேச்சும் போய் இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருந்தார். சென்னையிலிருக்கும் மகள், "ஏசி வாங்கி மாட்டுறேம்மா" என்றாள்.

"உங்க நைனாவுக்கு என் சாக்கு போதும்" என்றேன்.

போன கத்திரி வெயிலின் நடுவே ஒரு நாள் மழை கொட்டியது. மறுநாள் காற்று அசையவில்லை. பாறையெல்லாம் ஆவி விட்டது. துடைக்கத் துடைக்க வேர்வை. நான் வழக்கம்போல் சாக்கைக் கட்டி நாலு குடம் ஊற்றினேன்.

பக்கத்து வீட்டு பாய் சம்சாரம் அவரைப் பார்க்க வந்தாள்.

"இன்னாக்கா இது, உள்ள இட்லி குண்டான் மாதிரி இருக்குது. சாக்க எடுத்துடுக்கா."

"மூணு வருசம் வாடகைக்கு இருந்துட்டு எனக்கே வெயில் சொல்லித் தர்றியா? போயி உன் அடுப்ப பாரு."

"உன் வாய்க்கு மட்டும் புழுக்கமே கெடையாதுக்கா" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

மதியம் அவர் இடது கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டினார். சாக்கு காய்ந்துவிட்டது என்கிறார் என்று நினைத்தேன். "இதோ ஊத்துறேன், அவசரத்த பாரு தொரைக்கு" என்று ஒரு குடம் ஊற்றினேன். மறுபடி காட்டினார். மறுபடி ஊற்றினேன். மூன்றாம் தரம் கை பாதி எழுந்து கட்டிலில் விழுந்தது.

நான் போட்ட சத்தத்தில் பாய் சம்சாரம் ஓடி வந்தாள். வந்ததும் சாக்கைப் பிடுங்கி வெளியே எறிந்தாள். பிறகுதான் ஆட்டோவுக்கு ஓடினாள். அவர் உடம்பு அடுப்புக்கல்லாகச் சுட்டது. ஆஸ்பத்திரிக்குள் போவதற்குள் முடிந்துவிட்டது.

காய்ந்த காற்றுக்குத்தான் சாக்கு. மழைக்கு மறுநாள் துவைத்த துணியே காயாது, இது எனக்குத் தெரியாததா? அவள் சொன்னாள் என்பதற்காகவே நான் எடுக்கவில்லை. அதுதான் உண்மை.

வெயில் கொண்டுபோய்விட்டது என்று ஊர் பேசியது. சாக்கைப் பற்றி அவள் எவரிடமும் சொல்லவில்லை, என் மகளிடம்கூட.

இந்தக் கத்திரியில் மழையே இல்லை. ஜன்னலில் அனல் அடிக்கிறது. நேற்று அவள் எட்டிப் பார்த்து, "சாக்கு கட்டலயாக்கா?" என்றாள்.

"கட்டலாமா, நீ சொல்லு" என்றேன். அவளிடம் நான் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

"காத்து காஞ்சிதான்க்கா இருக்குது. கட்டலாம்."

கட்டிலுக்கடியிலிருந்து சாக்கை எடுத்தேன். குடத்திலும் தண்ணீர் இருந்தது. அவளே வந்து கட்டிவிட்டுப் போனாள். தண்ணீர் ஊற்ற மட்டும் எனக்குக் கை வரவில்லை.