இருக்கிறதை இல்லை என்ற கணினி

சிரிப்பீர்கள், சிரியுங்கள். பேய் பிசாசு என்று யாராவது வாயெடுத்தாலே எழுந்து போகிறவள் நான். கணினியோடு மாரடிக்கிறவளுக்கு எதற்கும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும், இதற்கு மட்டும் இன்றுவரை அகப்படவில்லை.

யுத்த காலம். செங்கலடியில், காணாமல் போனவர்களைப் பதிகிற சின்னக் கந்தோர் ஒன்றில் வேலை. பெயர்களைப் படிவமாக்கி அச்சிடும் பைதன் நிரலை எழுதியவன் என்னோடு வேலை செய்த தயாளன். அவனையே இராணுவம் பிடித்துக்கொண்டு போய் ஒரு மாதமாகியிருந்தது. முகாம் வாசலில் கேட்டோம், அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றார்கள். அவனுடைய சிவப்புச் சைக்கிள் அவர்களுக்குப் பின்னாலேயே மணல் மூட்டையில் சாய்ந்து நின்றது. என் கண்ணால் பார்த்தேன்.

அன்று கொழும்பிலிருந்து வந்த மனித உரிமைக்காரர்கள் இரண்டு மணிக்குப் பட்டியலோடு திரும்பவேண்டும், விட்டால் பாதை மறுபடி எப்போது திறக்குமோ தெரியாது. வெளியே தாய்மார் காத்திருந்தார்கள். நிரலை ஓட்டினால், படிவம் ஆக்குகிற மென்பொருள் இந்தக் கணினியில் இல்லை என்கிறது. கோப்புறையைத் திறந்தேன், அங்கேதான் இருக்கிறது. கையால் ஓட்டினால் ஓடுகிறது. எங்கெங்கே தேடவேண்டும் என்று கணினிக்குச் சொல்லிவைக்கும் பட்டியலைப் பார்த்தேன், சரி. மென்பொருள் இருக்கும் இடத்தின் முழு முகவரியையும் நிரலுக்குள்ளேயே எழுதினேன், கணினியை அணைத்துப் போட்டேன், திரும்பவும் இல்லை, இல்லை, இல்லை. வந்த ஆத்திரத்தில் விசைப்பலகையைக் குத்தினேன். கண்முன்னால் இருப்பதை இல்லை என்று சொல்ல இந்தப் பெட்டியுமா பழகிவிட்டது?

அப்போதுதான் உறைத்தது. காணாமல் போனவர்களின் பட்டியலில் தயாளனே இல்லை. பொறுப்பாளர் சிவமண்ணன் காலையில் சொல்லியிருந்தார்: "அவன்ட பேரப் போடாத புள்ள. கந்தோரையே பூட்டிப் போடுவானுகள்." நானும் பயந்து விட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது.

"நான் அவன்ட பேரப் போடப்போறன் அண்ணன்."

"உனக்கென்ன விசரா?"

"ஓம், விசர்தான்."

பெயரை அடித்தேன். 'கடைசியாகக் கண்ட இடம்' என்ற கட்டத்தில் முகாம் என்று எழுதத் துணிவு வரவில்லை, வெறுமையாக விட்டேன். வேறொன்றையும் தொடவில்லை, நம்பினால் நம்புங்கள். நிரல் முதல் தடவையிலேயே ஓடியது. அச்சுப்பொறி தாள் தாளாகத் தள்ளியது.

கடைசித் தாள் தயாளனுடையது. நான் வெறுமையாக விட்ட கட்டத்தில், 'வாவிக்கரை, பழைய ஐஸ் தொழிற்சாலை, பின் அறை' என்று அச்சாகியிருந்தது. சிவமண்ணன் வாசித்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

மறுநாள் தயாளனின் அம்மாவும் நானும் அதன் பிரதியோடு முகாமுக்குப் போனோம். வாசித்தார்கள். இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு தொழிற்சாலையே இல்லை என்று திருப்பித் தந்தார்கள்.

இன்றைக்கும் என்னுடைய பஸ் அந்த வழியால்தான் போகிறது. தொழிற்சாலை அங்கேயேதான் நிற்கிறது, கூரையில்லாமல், கதவு ஜன்னல் எல்லாம் பெயர்த்தெடுக்கப்பட்டு. பின் அறை வாசலை மட்டும் யாரோ கல் வைத்துக் கட்டி, சீமெந்து பூசியிருக்கிறார்கள்.