வாப்பா நோன்பில்லாத வருடம்

தொண்டைப் புற்றுநோய்க்கு வைத்தியம் முடிந்து வாப்பா வீடு வந்த அடுத்த ரமழானில் எனக்கு ஒன்பது வயது. நான் முதன்முதலாக நோன்பு பிடித்த வருடமும் அதுதான். யுத்தம் முடிந்திருந்தது. இடம்பெயர முன் இருந்த மன்னாருக்கே திரும்பிப் போவதா, அகதியாக வந்து குடியேறிய தில்லையடியிலேயே இருந்துவிடுவதா என்று பெரியவர்கள் கதைத்துக்கொண்டிருந்த காலம்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எதையாவது குடித்தாக வேண்டும், நோன்பு பிடிக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மௌலவியும் அதையே சொன்னார். விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் உம்மா ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பினார். குறை சொல்ல ஒருவருமில்லை. ஆனாலும் விடிந்ததும் வாப்பா சுடுதண்ணிப் போத்தலில் கஞ்சியை ஊற்றி, பையில் மறைத்துக்கொண்டு, முன்பு வேலை செய்த பாலாவி உப்பளத்துக்கு பஸ் ஏறிவிடுவார்.

ஒருநாள், "மகள், வாறீங்களா? உப்பளம் பாத்துட்டு வருவம்" என்றார். நோன்பு விடுமுறைதானே, போனேன்.

உப்பளத்துக் கொட்டில் நிழலில் வாப்பா போத்தலைத் திறந்தார். கஞ்சி வாசத்துக்கு என் நாக்கு ஊறியது. நோன்புக்கு ஏதும் ஆகிவிடும் என்ற பயத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோய், அவருக்கு முதுகைக் காட்டி வெயிலில் உட்கார்ந்தேன். மார்க்கத்தையே காப்பாற்றிவிட்ட பெருமை எனக்கு. பின்னால் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. குடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

அவர் குடிக்கவில்லை. பின்னேரம் பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வாப்பாவின் கால்கள் மடங்கின. நின்றவர்கள் தாங்கிப் பிடித்தார்கள். கடைக்காரர் ஒருவர் கதிரை போட்டு, தண்ணீரை நீட்டி, கழுத்துத் தழும்பைப் பார்த்தார்.

"இந்த நிலமையிலயும் நோன்பா, காக்கா? மாஷா அல்லாஹ். இப்ப விட்டுருங்க, பாவமில்ல."

சுற்றி நின்றவர்கள் வாப்பாவை மரியாதையோடு பார்த்தார்கள். அவர் வாய் திறக்காமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

"நான் நோன்பில்ல, தம்பி" என்றார் வாப்பா. கீறல் விழுந்த குரல்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. அவர்கள் முன்னாலேயே கஞ்சியைக் குடித்தார். ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். நானும் அவர் கையை விட்டுவிட்டு, வேறு யாருடைய பிள்ளையோ போலத் தள்ளி நின்றேன்.

மறுநாளும் வாசலில் நின்று, "வாறீங்களா மகள்?" என்று கேட்டார்.

"எனக்கு நோன்பு, வாப்பா."

"ஓம், ஓம்" என்றார். பிறகு கேட்கவேயில்லை. மாதம் முடியும்வரை தனியாகவே போய்வந்தார்.

ஊர் முழுக்கப் பசித்திருக்கும்போது தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது எப்படியிருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. என்னிடம் அவர் கேட்டது கொஞ்ச நேரம் பக்கத்தில் இருப்பதைத்தான் என்பதும் தெரியாது. அந்த வருடம் நான் முப்பது நோன்பையும் விடாமல் பிடித்தேன். பெருநாளன்று வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டது வாப்பாதான்.