வலமாகச் சுற்றிய முதல் வளையம்

என் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்று என் அப்பா, நைனா, சொல்வார். பாலசமுத்திரத்தில் கூலிக்குப் போய்ப் போய்க் கடைசியில் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கிய மனிதர். உட்கார ஓர் இடம் கிடைத்ததே அவருக்குப் பெரிது. எனக்கோ ஓரிடத்தில் உட்கார்ந்தால் உடம்பு அரிக்கும். ஊரில் பாதிப்பேர் பெங்களூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பஸ் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. டிப்ளமோ முடித்த நான் திருப்பதியைத் தாண்டவில்லை. தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் சி.என்.சி. மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். தெற்கே போகிற ஒவ்வொரு பஸ்ஸும் என்னை விட்டுவிட்டுப் போவதாகவே தோன்றும்.

பட்டறை முதலாளி கோயில் கைங்கரியக் குடும்பத்துக்காரர். காலையில் திருமண்ணோடு வருவார், மாலையில் கையெல்லாம் கிரீஸோடு போவார். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றிலிருந்து அவருக்கு இரண்டு இரும்பு வளையங்கள் வந்தன. உட்சுவரில் சுற்றிலும் பள்ளம் வெட்டிக் காட்ட வேண்டும். பள்ளம் வழவழவென்றும் இருக்க வேண்டும், சீக்கிரமும் முடிய வேண்டும். பார்க்க அவர்கள் ஆள் ஒரு நாள் மத்தியானம் வருவார். நன்றாக வந்தால் பட்டறைக்கு ஆர்டர். அவர்களுடைய ஆலையிலும் இதே வேலைக்கு ஆள் தேடுவதால் என்னையும் கூப்பிடலாம் என்று முதலாளிதான் சொன்னார். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கென்று மோட்டார் வைத்த சுழல் மேசை ஒன்றை அவர் பழையதாக வாங்கிப் போட்டிருந்தார். இரும்பை வெட்டும் பல் வைத்த கட்டர் நின்ற இடத்தில் வேகமாகச் சுழலும். வளையத்தைத் தாங்கிய மேசை மெதுவாகத் திரும்பி இரும்பை அதன் வாயில் கொடுக்கும். எத்தனை வேகத்தில் கொடுப்பது என்பதுதான் கேள்வி. வேகம் கூடினால் கட்டர் முறியும், ரொம்பக் குறைந்தால் வெட்டாமல் தேய்க்கும். மேசையின் பற்சக்கரத்தில் கொஞ்சம் ஆட்டம் இருந்ததால், கட்டரின் பல்லை எதிர்த்து வரும்படி இடமாகச் சுற்றவைத்தேன். அதற்கு ஏற்ற வேகத்தைக் கழிவு இரும்பில் போட்டுப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்துவைத்தேன்.

கம்பெனி ஆள் வரும் நாள் காலையில் பூஜை. மேசைக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, கற்பூரம் காட்டியாயிற்று. மேசையை வெறுமனே ஒருமுறை ஓட்டிக் காட்டினேன். முதலாளி முகம் மாறிவிட்டது.

"அப்பிரதட்சிணமா சுத்தறதேம்மா! முதல் பீஸ் அப்படிப் பண்ணப்படாது."

"வலமா சுத்தினா பல்லு இழுக்கும் சார்."

"அதெல்லாம் பெருமாள் பார்த்துப்பார். மாத்து."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெருமாளா இங்கே வந்து மெஷின் ஓட்டப்போகிறார்? வீம்பாகத் திசையை மட்டும் மாற்றிவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். வேகத்தில் கை வைக்கவில்லை. கால் சுற்று ஒழுங்காகப் போயிற்று. பிறகு கட்டரின் பல் வளையத்தைக் கவ்வித் தன் பக்கம் இழுத்தது, மேசை துள்ளியது, டணாரென்று ஒரு சத்தம். பள்ளத்தில் படிக்கட்டு விழுந்திருந்தது. ஒரு வளையம் பாழ்.

முதலாளி குனிந்து அந்தப் படிக்கட்டைப் பெருவிரலால் தடவினார். இன்னொரு வளையம்தான் மீதி. என் ஸ்ரீபெரும்புதூரும் அதில்தான் இருந்தது.

"மெதுவா வுட்டா வலமாவே வரும் சார்," என்றேன். "ஆனா சாயந்தரம் வரைக்கும் ஓடிக்கினே இருக்கும். வர்றவரு ஒத்துக்க மாட்டாரு."

அவர் வெளியே போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தார். நான் அதற்குள் மெஷினை நாலு தடவை சுற்றி வந்துவிட்டேன்.

"முதல் பீஸ் எது?" என்று கேட்டார்.

"இந்தப் பாழானதுதான் சார்."

"அது வலமா சுத்தியாச்சோன்னோ? சாஸ்திரம் முதல் பீஸுக்குத்தான். இது ரெண்டாவது. கானிவ்வு," என்று தெலுங்கில் முடித்தார், நடக்கட்டும் என்று. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மத்தியானம் கம்பெனி ஆள் வந்தார். மேசை இடமாகச் சுற்றியது, நான் தேர்ந்த வேகத்தில். சத்தம் கடைசிவரை மாறவில்லை. அவர் பள்ளத்துக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆர்டர் உண்டு என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எப்பம்மா வர முடியும்?" என்றார்.

"நாளைக்கே," என்றேன்.

அவர் வாய் மூடுவதற்குள் சொல்லிவிட்டேன். பக்கத்தில் முதலாளி அந்த வளையத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஆர்டர் வந்துவிட்டது. அந்த மேசையை ஓட்டத் தெரிந்தவள் பட்டறையில் நான் ஒருத்திதான்.

கம்பெனி ஆள் போன பிறகு அவர், "நாளன்னைக்குன்னு சொல்லியிருக்கப்படாதாம்மா?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். "ஒரு நாள் இருந்து அந்த வேகத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்துட்டுப் போயிருக்கலாம்."

அங்கேயே அவரை நிற்கவைத்து, திசையையும் வேகத்தையும் வாயால் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பாதியில் என் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. பாலசமுத்திரத்துக்குக் கடைசி பஸ்ஸைப் பிடித்தால்தான் நைனாவிடம் சொல்லிவிட்டுக் காலையில் கிளம்ப முடியும். அதை அவரும் பார்த்துவிட்டார்.

"போதும்மா, புரிஞ்சுடுத்து," என்றார். அவருக்குப் புரிந்திருக்கவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டேன்.