ஒலிந்தோ நடுவரை வழியனுப்பும் விதம்

எங்கள் ஊர்க் கால்பந்து அணியில் ஆட்டக்காரர்கள் மாறியிருக்கிறார்கள், பயிற்சியாளர்கள் மாறியிருக்கிறார்கள், சட்டையின் நிறம்கூட ஒருமுறை மாறியது. நடுவரைப் பார்த்துக்கொள்ளும் ஆள் மட்டும் மாறவில்லை. எனக்கு நினைவு தெரிந்து அது ஒலிந்தோ பிரகந்தீனிதான்.

சம்பளம் இல்லாத வேலை. வெளியூரிலிருந்து வரும் நடுவரை வாசலில் வரவேற்று, கார்ச் சாவியை வாங்கி, காரைத் தன் வீட்டுத் தக்காளிப் பாத்திக்குப் பின்னால் மறைத்து நிறுத்துவார். இடைவேளையில் எலுமிச்சை பிழிந்த தேநீர் கொடுப்பார். ஆட்டம் முடிந்ததும் நடுவரை எங்களிடமிருந்து காப்பாற்றி, வந்தபடியே திருப்பி அனுப்புவார். ஓய்வு பெறும்வரை பன்றி லாரி ஓட்டியவர். "மலையிலேர்ந்து மோதெனா டவுன் வரைக்கும் ஒரு கீறல் இல்லாம பன்றிய இறக்கியிருக்கேன். நடுவர இறக்க மாட்டேனா?" என்பார்.

தேநீரைப் போடுவது அவர் மனைவி ஸாயிரா. குடுவையை மூடிக் கொடுத்துவிட்டு வேலியோரம் வந்து நின்று, அதே நடுவரை ஆட்டம் முடியும்வரை திட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை பூசையையும் தவறவிட மாட்டாள், இதையும் தவறவிட மாட்டாள்.

ஒலிந்தோவுக்கு ஒரு முறை உண்டு. நாங்கள் தோற்ற நாட்களில் நடுவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவிலிருந்து நடுவர் உடைமாற்றும் அறைவரை நடப்பார். நடக்கும்போது எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாக, எங்கள் எல்லோரையும்விட அசிங்கமாக அவரே திட்டுவார். வேலிக்குப் பின்னால் இருக்கும் எங்களுக்குத் திட்ட ஒன்றும் மிஞ்சாது. கல்லை எடுத்தவன்கூட அடுத்து என்ன சொல்கிறார் என்று கேட்க ஆரம்பித்துவிடுவான். அதற்குள் அறைக் கதவு மூடியிருக்கும். எல்லா நடுவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்: "தோத்தா நான் வாயத் திறப்பேன். மனசுல வெச்சுக்காதீங்க. என் கூடவே நடங்க."

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் போஜோசோலே ஊர் ஆட்களுடன் நாங்கள் ஆடிய ஞாயிறன்று அதைச் சொல்ல முடியவில்லை. ஸ்கார்பெல்லீனி என்ற அந்த நடுவர், நில அளவை அலுவலகத்துக்காரர், மலைப்பாதையில் ஒரு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தார். சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினார். இடைவேளையில் கதவிடுக்கில் ஒரு கை மட்டும் நீண்டு தேநீரை வாங்கிக்கொண்டது.

போன வருடம் இதே ஆட்டத்தில் எங்கள் ஆள் ஒருவன் நடுவரின் முதுகில் குடையால் அடித்திருந்தான். இன்னொரு முறை நடுவர்மேல் கை பட்டால் மைதானத்தை மூடிவிடுவதாகக் கால்பந்துச் சங்கம் எழுதியிருந்தது. வேறு மைதானத்துக்கு வாடகை கொடுக்க எங்களால் ஆகாது. மைதானம் போனால் அணியும் போகும். அதோடு, நகரத்திலிருந்து ஒரு வேன் நிறையத் தலைக்கவசப் போலீசும் வந்திருந்தது. வழக்கமாக வரும் உள்ளூர்ப் போலீசுக்கு ஒலிந்தோவைத் தெரியும். இவர்களுக்கு ஒருவரையும் தெரியாது.

எங்கள் தெனிஸ் எதிரணிக் கோல் முன்னால் மூன்று முறை யாரும் தொடாமலே விழுந்து உருண்டான். நான்காவது முறை உண்மையிலேயே தள்ளிவிட்டார்கள். ஸ்கார்பெல்லீனி கையை அசைத்து, எழுந்திரு என்றார். அங்கிருந்து போன பந்து எங்கள் கோலுக்குள் விழுந்தது. அதோடு ஆட்டம் முடிந்தது, நாங்கள் தோற்றோம்.

ஒலிந்தோ போய் முழங்கையைப் பிடித்தார்.

"அடேய் குருட்டுக் கழுதை! உன் கண்ண எந்தக் கோழி கொத்திச்சு?"

"கைய விடுங்க!" என்றார் ஸ்கார்பெல்லீனி.

"விடறதா? நீ அளந்த நிலத்துல உருளைக்கிழங்குகூட வெக்கப்பட்டுத்தான் முளைக்கும்!"

வேலியோரம் ஒருவன் சிரித்தான். முறை பலித்துக்கொண்டிருந்தது. ஆனால் விவரம் தெரியாத நடுவர் கையை இழுத்தார். ஒலிந்தோ இன்னும் இறுக்கிப் பிடித்தார். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கிழவன் நடுவரை இழுத்துப்போட்டு அடிக்கப் போகிறான். தலைக்கவசம் ஒன்று ஓடி வந்தது. தடி ஒருமுறை இறங்கியது.

ஒலிந்தோ புல்லில் உட்கார்ந்துவிட்டார். காதோரம் ரத்தம் வழிந்தது. எங்கள் பக்கம் எல்லோரும் வேலியில் ஏறினார்கள், நானும்தான். கேடயங்கள் வரிசையாக நின்றன. ஒருவன் உள்ளே குதித்தால் போதும், மைதானம் போய்விடும்.

ஒலிந்தோ எங்களைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தபடியே அந்தப் போலீஸ்காரனின் காலைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்துத் திட்ட ஆரம்பித்தார்.

"பானையத் தலையில கவுத்துக்கிட்டு வந்துட்டியா? உள்ள வேகிறதுக்கு ஏதாச்சும் இருக்கா? எழுபது வயசுக்காரன அடிச்சதுக்கு உங்க ஊர்ல மெடல் குடுப்பாங்களா, இல்ல சோறா?"

வேலியில் ஏறியவர்கள் ஏறிய இடத்திலேயே நின்று கேட்டார்கள். போலீஸ்காரனின் தடி மறுபடி உயர்ந்தது.

விசில் சத்தம் கேட்டது. ஸ்கார்பெல்லீனி ஊதினார், நீளமாக, கையை உயர்த்தி. தடி அந்தரத்தில் நின்றது. அந்தப் போலீஸ்காரப் பையனும் எங்கேயோ ஞாயிற்றுக்கிழமை பந்து ஆடுகிறவனாக இருக்க வேண்டும்.

அவர்களுடைய அதிகாரி வந்தார். "இவன் உங்கள அடிச்சானா?"

"இல்ல."

"பின்ன?"

"திட்டினார்." ஸ்கார்பெல்லீனி வேலியைப் பார்த்தார், அறைக் கதவைப் பார்த்தார். "கூட்டிட்டும் போனார்."

"ரெண்டும் ஒண்ணாவா?"

"ஆமா. எனக்கே இப்பதான் புரியுது."

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒலிந்தோவே நடுவரைத் தக்காளிப் பாத்திவரை கொண்டுபோய் விட்டார். சாவியைக் கொடுத்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"முன்னாடியே சொல்லியிருக்கணும் சார். தப்பு என்னுது."

"காதுல விழுந்தத நான் சங்கத்துக்கு எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க. எல்லாத்தையும் எழுதுங்க. மைதானத்த மட்டும்..."

"நடந்தத எழுதுவேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கார்பெல்லீனி காரைக் கிளப்பினார்.

நடந்தது என்று அவர் எதைச் சொல்கிறார் என்பது எங்களுக்குப் புரியவில்லை. வியாழக்கிழமைதான் சங்கத்தின் அறிவிப்பு வரும். அதுவரை ஒலிந்தோ தையல் போட்ட தலையோடு என் காபிக் கடையில் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் குடிக்காமல். ஸாயிராவும் பக்கத்திலேயே இருந்தாள்.

அறிவிப்பை நான்தான் வாசித்தேன். பார்வையாளர்கள் திட்டியதற்காக அணிக்கு அபராதம். ஒலிந்தோ பிரகந்தீனி ஜூன் மாதம்வரை மைதானத்துக்குள் நுழையக் கூடாது.

"மைதானம்?" என்றார் ஒலிந்தோ.

கடைசிவரை பார்த்தேன். "ஒண்ணும் போடல."

ஒரு கோப்பை ஒயின் கேட்டு ஒரே மூச்சில் குடித்தார். "என்னென்ன எழுதியிருக்கான்? வாசி."

நடுவர் எழுதியதையும் அறிவிப்பில் சேர்த்திருந்தார்கள். குருட்டுக் கழுதை இருந்தது, உருளைக்கிழங்கு இருந்தது. "நீ தாய் வயித்திலேயே ஆஃப்சைடு" என்பதும் இருந்தது.

ஸாயிரா எழுந்துவிட்டாள். "அது நான் சொன்னது! இந்த மனுஷனுக்கு எந்தக் காலத்துல இவ்வளவு யோசனை வந்திருக்கு?"

"அவன் பொண்டாட்டியப் பத்தி நான் சொன்னத எழுதல பாத்தியா?" என்றார் ஒலிந்தோ. "நல்ல மனுஷன்." பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த ஞாயித்துக்கிழமை வேற நடுவர் வருவாரே" என்றார்.

அவரைக் கூட்டிப்போக ஆள் வேண்டுமே என்று இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கீச்சுக் குரல், பெரிய கோபமும் வராது என்றேன்.

"திட்டிக் காட்டு" என்றாள் ஸாயிரா. "இந்தா, இவரையே திட்டு."

தொண்டையைச் செருமிக்கொண்டு, தெரிந்தவரை திட்டினேன். கடையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒலிந்தோ தலையை ஆட்டினார். "இவ்வளவு மெதுவாத் திட்டினா, அந்த நடுவரு உயிரோட வீடு போய்ச் சேர மாட்டாரு."