எவுசேபியா கை வைத்த வண்டி

லா பாஸ் நகரத்துக்கு மேலே மலைமுகட்டில் இருக்கும் எல் ஆல்ட்டோ ஊரில், காற்றோடு பெட்ரோலைக் கலந்து என்ஜினுக்கு ஊட்டும் கார்புரேட்டர் என்றால் எவுசேபியா கல்யிசாயாதான், வேறு பேச்சே கிடையாது. ஐம்பத்திரண்டு வயது, இரட்டைப் பின்னல், அடுக்குப் பாவாடைக்கு மேலே பெட்ரோல் நாறும் ஒரு பழைய துணி. புகைக்குழாய்க்குள் சுட்டுவிரலை விட்டு எடுப்பாள், ஒட்டிய கரியைக் கட்டைவிரலால் தேய்ப்பாள், மோந்து பார்ப்பாள்.

"நீலமா வந்தா ஆயில் எரியுது. வெள்ளையா வந்தா தண்ணி உள்ள போகுது. கறுப்பா வந்தா பெட்ரோல் ஜாஸ்தி, காத்து கம்மி. இதுக்கு எதுக்குய்யா ஊரெல்லாம் சுத்துறீங்க?" என்பாள்.

தொழிலை யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. புருஷன் செத்த வருஷம், பட்டறையை விற்றுவிடு என்று மைத்துனன்மார் நச்சரித்தார்கள். அவளோ உள்ளே கிடந்த ஒரு கார்புரேட்டரைச் சும்மா பிரித்துப் பார்த்தாள். ஒரு வாரம் திருப்பிச் சேர்க்கத் தெரியாமல் முழித்தாள். எட்டாம் நாள் சேர்த்தாள், வண்டியும் ஓடியது, ஆனால் ஒரு திருகாணி மிச்சமாகிவிட்டது. ஓடுகிறதே, போதாதா? போதாதாம்! அந்தத் திருகாணி எங்கே இருந்தது என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி எல்லாவற்றையும் பிரித்துப் போட்டாள். அப்படிப்பட்ட பிறவி அது.

நாலாயிரம் மீட்டர் உயரத்தில் காற்று மெலிசு. கீழே நன்றாக ஓடின வண்டியும் இங்கே ஏறி வந்ததும் கரும்புகை கக்கும். எவுசேபியா உள்ளே பெட்ரோல் இறங்கும் துளையான ஜெட்டைச் சின்னதாக மாற்றிவிடுவாள், பெட்ரோல் அளவாக இறங்கும், புகை நின்றுவிடும். மலைவிளிம்பில் இருக்கும் டாக்சி ஸ்டாண்டிலிருந்து கீழே லா பாஸுக்கு ஆள் ஏற்றிப் போகும் முப்பது பழைய டாக்சிகளும் அவள் கைப்பட்டவைதான். அந்த முப்பது வண்டியில்தான் அவள் அடுப்பு எரிந்தது.

இந்த மார்ச்சில் அந்த அடுப்புக்கே ஆபத்து வந்தது. இலாரியோன் என்ற டிரைவரின் வெள்ளை வண்டி மேட்டில் ஏறும்போதெல்லாம் கன்னங்கரேலென்று புகைவிட ஆரம்பித்தது. எவுசேபியா ஒருமுறை பார்த்தாள், நின்றது. மறுநாளே புகைந்தது. இரண்டாம் முறையும் அதே கதை. மூன்றாம் முறை புகைந்ததும் ஸ்டாண்டுத் தலைவர் கசிமீரோவே பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"எவுசேபியா, பின்னால வர்ற பஸ்காரன் காறித் துப்புறான். போலீஸ்காரன் சீட்டு எழுதுறான். ஒனக்குக் கை தளர்ந்துபோச்சோ என்னமோ. சனிக்கிழமைக்குள்ள புகை நிக்கணும். இல்லேன்னா முப்பது வண்டியும் கீழ இருக்கிற புதுப் பட்டறைக்குப் போயிரும். அங்க கம்ப்யூட்டர் வச்சுப் பாக்குறானாம்."

எவுசேபியாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "கம்ப்யூட்டர் புகையை மோந்து பாக்குமாண்ணே? சனிக்கிழமை காலையில ஸ்டாண்டுக்கு நானே வர்றேன். எல்லார் முன்னாலயும் பிரிக்கிறேன். நிக்கலேன்னா நானே பட்டறையை இழுத்துப் பூட்டுறேன், போங்க!"

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் பயம்தான். ஆனால் பயத்தைவிட அந்தப் புகை அவளை அரித்தது. தன் கைக்கு அடங்காமல் அப்படி எதுதான் உள்ளே இருக்கிறது?

சனிக்கிழமை காலை டிரைவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். இலாரியோனின் மனைவி ஃபோர்த்துனாட்டா வழக்கம்போல ஸ்டாண்டு மூலையில் சூடான ஊதாச் சோளக்கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். இலாரியோன் தன் வண்டியின் படியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"எப்பலேருந்துடா புகையுது?" என்று கேட்டாள் எவுசேபியா.

"கார்னிவல் முடிஞ்சதுலேருந்துக்கா. பெட்ரோல்ல கலப்படம். சத்தியமா."

"முப்பது பேரும் அதே பெட்ரோல்தானே ஊத்துறீங்க? ஒன் வண்டிக்கு மட்டும் தனியா வயித்தெரிச்சலா?"

கூட்டம் சிரித்தது. அவள் என்ஜினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாள். அடுப்புக்கரி மாதிரி காய்ந்த கறுப்பு. பெட்ரோல் அதிகம், சந்தேகமில்லை. கார்புரேட்டர் மேலிருந்த வட்டமான ஃபில்டர் டப்பாவைத் தூக்கி ஓரமாக வைத்தாள். காற்றை மறிக்கும் சோக் தகடு திறந்தே நிமிர்ந்து நின்றது. மிதவை சரியான மட்டத்தில் இருந்தது. ஜெட்டும் அவள் போட்ட அதே சின்ன ஜெட். இலாரியோனிடம் வண்டியைக் கிளப்பி, ஆக்சிலரேட்டரை மிதித்து முறுக்கச் சொன்னாள். புகை இல்லை!

"பாத்தீங்களா!" என்றார் கசிமீரோ. "இப்படித்தான் ரெண்டு தடவையும் ஏமாந்தோம்."

எவுசேபியா டப்பாவைத் திரும்ப மாட்டி முறுக்கச் சொன்னாள். குபீரென்று கரும்புகை வந்தது. கஞ்சி வாங்கிக்கொண்டிருந்த ஒருத்தர் தொப்பியை வீசிக்கொண்டே ஓடினார்.

அடிப் பாவி! ஒவ்வொரு தடவையும் டப்பாவை எடுத்துவிட்டுத்தானே சோதித்தாள்? புகை நின்றது கண்டு குளிர்ந்துபோய், டப்பாவை மாட்டியபிறகு முறுக்கிப் பார்க்காமலே அனுப்பிவிட்டாள். முப்பது வருஷ மமதை, வேறென்ன? காது சூடாகிவிட்டது அவளுக்கு. டப்பாவுக்குள் இருந்த ஃபில்டரை மட்டும் எடுத்துவிட்டு வெறும் டப்பாவை மாட்டினாள். அப்போதும் புகைந்தது. ஆக, கோளாறு ஃபில்டரிலும் இல்லை. அதற்கும் முன்னால், டப்பாவோடு சேர்ந்தே கழன்று வரும், வண்டி மூச்சு இழுக்கும் குழாயில்தான்.

அவள் அந்தக் குழாய்க்குள் கையை விட்டபோது, மூலையில் கஞ்சிக் கரண்டி நின்றுவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

விரலில் ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. இழுத்தாள். வண்ணக் கம்பளிநூலால் கட்டிய ஒரு மூட்டை, முஷ்டி அளவு. உள்ளே, மேட்டில் மூச்சு வாங்காமலிருக்க ஊரார் மெல்லும் கோக்கா இலையும், சாமிக்குப் படைக்கும் லாமா மிருகத்தின் ஒரு துண்டுக் கொழுப்பும் இருந்தன. என்ஜினை முறுக்கும்போதெல்லாம் அது உறிஞ்சப்பட்டுக் குழாயை அடைத்திருக்கிறது.

ஸ்டாண்டே சிரிப்பில் அதிர்ந்தது. கார்னிவல் திருவிழாச் செவ்வாயன்று வண்டி நன்றாக ஓடவேண்டும் என்று அதற்குப் பீர் தெளித்து, பூவும் காகிதப்பொட்டும் தூவுவது எல்லாரும் செய்வதுதான். அதற்காக மூக்கிலேயா சொருகுவார்கள்?

"மேட்டுல மூச்சு வாங்குதுன்னு வண்டிக்கே இலை குடுத்திருக்கான்யா! அடுத்தது அதுக்குச் சட்டை தைப்பான்!" என்று கூவினான் ஒரு டிரைவர்.

"யார் வேலைடா இது?" என்று இலாரியோன் சீறினான்.

"நான்தான்," என்றாள் ஃபோர்த்துனாட்டா.

"ஒனக்கு மூளை இருக்கா? வண்டி இலை மெல்லுமாடி? என் மானத்தை வாங்கிட்டியே!"

அவள் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். "வண்டிக்குன்னு யார் வச்சா? ஒங்களுக்குத்தான் வச்சேன். ரெண்டு மாசமா உக்காந்துக்கிட்டே தூங்குறீங்க. வீட்டுப் படி ஏற நாலு தடவை நிக்குறீங்க. டாக்டர்னு வாயெடுத்தா கத்துறீங்க. இலையைக் குடுத்தா, நான் என்ன நோயாளியான்னு தட்டிவிடுறீங்க. நீங்க என்னைக் கை வைக்க விட்டது இந்த வண்டி ஒண்ணுலதான். நீங்களும் அதுக்குள்ளதானே உக்காந்திருக்கீங்க?"

சிரிப்பு சட்டென்று அடங்கியது. இலாரியோன் எழுந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பாதி வார்த்தையிலேயே மூச்சு முட்டி, கதவைப் பிடித்துக்கொண்டான்.

எவுசேபியா அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது, நகமும் அப்படியே. மூன்று தடவை இவன் வண்டிக்குள் தலையை விட்டிருக்கிறாள், ஒருதடவைகூட இவனை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

கசிமீரோ தொண்டையைக் கனைத்தார். "எவுசேபியா, நான் சொன்னதை மனசுல வச்சுக்காதே. முப்பது வண்டியும் ஒங்கிட்டயேதான்."

"அது கெடக்கட்டும்ணே. டேய், சாவியைக் குடு."

"என் முறை வருதுக்கா," என்றான் இலாரியோன். "வரிசையில நாலாவது வண்டி என்னோடது."

"முறையாவது மண்ணாவது! குடுடா!"

கசிமீரோ அவன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார். ஃபோர்த்துனாட்டா கஞ்சிப் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுப் பின்சீட்டில் ஏறினாள். எவுசேபியா ஃபில்டரையும் டப்பாவையும் மாட்டி இறுக்கிவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரி மேட்டில் வண்டி நின்று நிதானிக்காமல் ஏறியது. பக்கத்துச் சீட்டில் இருந்த இலாரியோன் கண்ணாடியில் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"புகையே... இல்லக்கா."

"பேசாதடா," என்றாள் எவுசேபியா. அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. "மூச்சை இழுத்து விடு. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."