பனாமாவில் நான் கொடுக்காமல் விட்ட போன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு பெப்ரவரி மாதம். நானும் என் தோழி ஒருத்தியும் ஒக்லாந்திலிருந்து பனாமா கால்வாயைப் பார்க்கப் போயிருந்தோம். இரண்டு பேருக்கும் அறுபதை எட்டும் வயது. ஹில்ஸ்பரோவில் அடுத்தடுத்த தெருவில் வீடு. இருபது வருடமாகப் பின்னேரங்களில் ஒன்றாக நடப்பவர்கள். பனாமா என்றதும் என் மகள் ஆங்கிலத்தில் "வை?" என்று ஒரே சொல்லில் கேட்டாள். சிட்னிக்குப் போனால் சொந்தக்காரர் வீட்டில் சோறாவது கிடைக்கும், அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சிரித்தார்கள்.

காரணம் தோழியின் தம்பி. எங்கள் நகரத்திலேயே பாபடோயிட்டோயில் இருந்தவர், துறைமுகத்தில் வேலை. கப்பல் என்றால் அவருக்கு விசர். பெரிய கப்பல்களைத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டு, கதவைப் பூட்டி, தண்ணீரை ஏற்றி இறக்கி அடுத்த பக்கம் அனுப்புவதை வீடியோவில் பார்த்துப் பார்த்து அக்காவுக்கும் அனுப்பிக்கொண்டே இருப்பார். அம்மா இல்லாத அந்தத் தம்பியைப் பத்து வயதிலிருந்து வளர்த்து, இந்த நாட்டுக்கும் கூட்டி வந்தவள் அவள்தான். அந்த முறை அவருக்கு லீவு கிடைக்கவில்லை. "நீங்கள் ரெண்டு பேரும் போய்ப் பாத்திட்டு வாங்கோ, அடுத்த முறை நான் வாறன்" என்று எங்களை விமான நிலையத்தில் இறக்கிவிட்டவரும் அவரே.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறவள். ஊரில் யாராவது செத்துப்போனால், இங்கே இருக்கும் பிள்ளைக்கோ சகோதரத்துக்கோ செய்தி சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கு ஒரு முறையே வைத்திருந்தேன். முதலில் "கொஞ்சம் சுகமில்லையாம்" என்பது. பிறகு "ஆஸ்பத்திரியில வச்சிருக்கினமாம்." இடையில் ஒரு தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும். வயிற்றுக்குள் ஏதாவது போன பிறகுதான் மிச்சம். சோதனை எழுதப்போகும் பிள்ளைக்கும் பயணத்தில் இருப்பவருக்கும் எதையும் சொல்லக் கூடாது, அவர்கள் காரியம் முடியட்டும். எங்கள் ஆட்களுக்குள் இது வழக்கம்தான். ஆனால் நான் அதில் பட்டம் வாங்கியவள் மாதிரி நடந்துகொள்வேன்.

அன்று காலை ஒரு சின்ன பஸ்ஸில் பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். வழிகாட்டி ஒரு இளம்பெண். மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்து, இறங்கும் இடமெல்லாம் எங்களை எண்ணுவாள். பழைய நகரத்தைக் காட்டிவிட்டு மத்தியானம்போல் கால்வாய்க்குக் கொண்டுவந்தாள். காலையில் கப்பல்கள் ஒரு திசையில் போகும், பின்னேரம் எதிர்த்திசையில் வரும், இடையில் தொட்டிகள் சும்மா கிடக்கும், இரண்டு மணிக்குப் பிறகுதான் அடுத்த கப்பல் என்றாள். தோழி கழிப்பறைக்குப் போனாள். எங்கள் இரண்டு பேருக்கும் என்னுடைய போனில் மட்டும்தான் அந்த நாட்டில் லைன் இருந்தது. ஒரு போன் போதாதா என்று அவள்தான் சொல்லியிருந்தாள்.

மணி ஒன்று. என் போன் அடித்தது, அவளுடைய தம்பியின் மனைவி. ஒக்லாந்தில் அப்போது விடியற்காலை ஏழு மணி. தம்பிக்கு முதல் நாள் நெஞ்சு நோவு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். எட்டு மணிக்கு ஒப்பரேஷன்.

"அக்கா, மச்சாளிட்ட ஒருக்கா போனைக் குடுங்கோ. இவர் கதைக்கோணுமாம். ரெண்டு நிமிஷம் போதுமாம்" என்றாள்.

பின்னால் அவருடைய குரலும் கேட்டது. என்ன சொன்னார் என்று பிடிபடவில்லை, ஆனால் ஏதோ பகிடி விட்டார்போல, அவள் அழுகையோடு சிரித்தாள்.

"பாத்ரூமுக்குப் போயிட்டா. வந்தவுடன எடுத்துத் தாறன்" என்றேன். அந்த நேரத்தில் அது உண்மைதான்.

தோழி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பசிக்குது என்றாள். வெறும் வயிற்றோடு சொல்லக் கூடாது, சாப்பிடட்டும் என்று நினைத்தேன். அங்கே ஒரு சோறும் கோழியும் தந்தார்கள். உறைப்பே இல்லை என்று அவள் கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்தாள். பக்கத்து மேசை வெள்ளைக்காரர் பார்த்துச் சிரிக்க, அவருக்கும் கொஞ்சம் தூவிவிட்டாள். இவ்வளவு சந்தோசமாக அவளை நான் கண்டதில்லை. இப்போது சொன்னால் இந்த நாளே பாழ் என்று நினைத்தேன். ஒப்பரேஷன் எல்லாம் இப்போது சின்ன விசயம், பின்னேரம் நல்ல செய்தியோடு சேர்த்துச் சொல்லலாம் என்றும் நினைத்தேன். மேசைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு, "இங்க சிக்னல் சரியில்லை, பிறகு எடுக்கிறம்" என்று ஒரு மெசேஜ் அனுப்பினேன். சிக்னல் நன்றாகவே இருந்தது.

அதன் பிறகு இரண்டு தரம் போன் அதிர்ந்தது. இரண்டு தரமும் நிறுத்தினேன். இரண்டாவது, ஒக்லாந்து நேரம் எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை.

கப்பல் வந்தது. நாலு மாடி வீட்டைப்போல் பெட்டிகள் அடுக்கியிருந்தது. இவ்வளவு பெரிய கப்பலின் கயிற்றைப் பிடிக்க, இரண்டு பேர் ஒரு சின்னத் தோணியில் துடுப்புப் போட்டுப் போனார்கள். இரண்டு பக்கமும் தண்டவாளத்தில் குட்டி எஞ்சின்கள் கம்பியால் இழுத்துப் பிடிக்க, கப்பல் தொட்டிக்குள் நுழைந்தது. கதவைப் பூட்டினார்கள். தண்ணீர் வடிய வடியக் கப்பல் எங்கள் கண் முன்னால் மெல்லக் கீழே போனது. தோழி கம்பியில் சாய்ந்துகொண்டு, "எடு எடு, அவனுக்குக் காட்டோணும்" என்றாள். போனை நீட்டிப் பிடித்து எடுத்தேன். "டேய் தம்பி, பாத்தியா? நான் வந்திட்டன்!" என்று கத்திக் கைகாட்டினாள்.

ஹோட்டலுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் மெசேஜ் வந்தது. ஒப்பரேஷன் மேசையிலேயே அவர் போய்விட்டார்.

அறைக்குப் போய்க் கேத்தலைப் போட்டேன். தேத்தண்ணிக் கப்பையும் இரண்டு பிஸ்கட்டையும் அவள் முன்னால் வைத்தேன். இருபது வருடமாக என் கதையெல்லாம் கேட்டவள் அவள். கப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஆர்?" என்றாள்.

சொன்னேன். அவள் அழவில்லை. "எத்தனை மணிக்குப் போன் எடுத்தவள்?" என்று மட்டும் கேட்டாள்.

"இப்ப கொஞ்சம் முந்தித்தான்" என்றேன். அது இரண்டாவது பொய். அவள் கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். போன் வந்த மணியையும் மெசேஜையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். போனைத் திருப்பித் தந்துவிட்டு, "அவன் அப்ப உயிரோட இருந்தவன்" என்றாள். என்னிடம் அவள் கடைசியாகக் கதைத்தது அதுதான்.

விமானங்களில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில்தான் திரும்பி வந்தோம். தண்ணீர் வேண்டுமென்றாலும் பணிப்பெண்ணிடம்தான் கேட்டாள். செத்தவீட்டில் தெரிந்த பெண் ஒருத்தி என் கையைப் பிடித்து, "நல்லகாலம், நீங்கள் பக்கத்தில இருந்தனீங்கள்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய? தம்பியின் மனைவி என்னைக் கண்டதும் எழும்பி உள்ளே போனாள். அவர் அக்காவிடம் என்ன சொல்ல இருந்தார் என்று அவளுக்கும் தெரியாதாம், இன்னொருவர் மூலம் கேட்டேன். ஒருவேளை பெரிதாக ஒன்றும் இருக்காது. கப்பல் வந்திட்டுதா என்று கேட்க இருந்தாரோ என்னவோ.

தோழியிடம் மன்னிப்புக் கேட்டு இரண்டு கடிதம் எழுதிப் போட்டேன். பதில் இல்லை. போன மாதம் பாபடோயிட்டோய் மரக்கறிக் கடையில் எதிரே வந்தவள், கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அவளில் எனக்குக் கோபமில்லை. இப்போது யார் வீட்டுக்கும் செய்தி சொல்ல நான் போவதில்லை. கூப்பிட்டால், நீங்களே உடனே எடுத்துச் சொல்லுங்கோ, சாப்பிட்டானா என்றெல்லாம் பார்க்காதீங்கோ என்கிறேன்.

அவள் மனம் நோகக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்று கடிதத்தில் எழுதியிருந்தேன். அது முழு உண்மை இல்லை. இவ்வளவு தூரம் வந்து, அழுகிற ஒருத்தியோடு அன்றைய நாளைக் கழிக்க எனக்கு விருப்பமில்லை, அந்தக் கப்பலை நானும் பார்க்க வேண்டியிருந்தது; இதை எனக்கே ஒத்துக்கொள்ள இரண்டு வருடம் பிடித்தது, அவளிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.