அளவையியல் டீச்சரின் இஸ்திகாரா

கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு ஆசிரியர் அறையில் நான் சுருண்டு கிடந்த ஒரு காலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் தர்க்கம் படிப்பிக்கப் புதிதாக வந்திருந்த அளவையியல் டீச்சர் பிளேன்டீயை என் மேசையில் வைத்துவிட்டு, "சேர், நோவு பல்லுலயா, மனசுலயா?" என்று கேட்டார். ஆளைக் கொல்லும் நோவு, இவருக்கு ஆராய்ச்சி. "பல்லுலதான்" என்றேன். "அப்ப நித்திரையில எங்க போகுது?" என்றார். கணக்கு வாத்தியாரான நான் பல்லை மறந்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து இடைவேளை மணிக்காகப் பிள்ளைகளை விட நான்தான் அதிகம் காத்திருந்தேன்.

எல்லாவற்றையும் கேள்வியாக்கிவிடுவார். பரீட்சையில் ஒருவன் கொப்பியடித்துப் பிடிபட்டான். "அவன் அடிப்பான் எண்டு அல்லாஹ்வுக்கு முன்னமே தெரியும். அப்ப அவனுக்கு அடிக்காம இருக்க ஏலுமா?" என்றார். எனக்கும்தான் முன்னமே தெரியும், நானா அடிக்க வைத்தேன் என்று மடக்கினேன். "உங்களுக்குத் தெரிஞ்சது பிழையாப் போகலாம் சேர். அல்லாஹ்வுக்குத் தெரிஞ்சது பிழையாப் போகாதே" என்று சிரித்தார். ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். நம்பிக்கை இல்லாமல் அவர் கேட்கவில்லை. நம்பியதை முழுதாக விளங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தின் மேல்தான் எனக்கு ஆசை வந்தது. மறைக்க என்ன இருக்கிறது, அப்படி ஓர் ஆசை அதற்குப் பிறகு எதன் மேலும் எனக்கு வரவில்லை.

உம்மாவைப் பெண் கேட்க அனுப்பினேன். டீச்சரின் வாப்பா மறுக்கவில்லை. "புள்ள இஸ்திகாரா தொழுதுட்டுப் பதில் செல்லுவா" என்றார். இரண்டு ரக்அத் தொழுது, இது எனக்கு நல்லதென்றால் ஆக்கித் தா, இல்லையென்றால் விலக்கிவிடு என்று இறைவனிடமே விட்டுவிடும் தொழுகை அது. பிறகு கனவு வரும், அல்லது மனம் ஒரு பக்கம் சாயும் என்று எங்கள் ஊரில் காத்திருப்பார்கள். நானும் காத்திருந்தேன். பள்ளிக்கூடம் போகப் பாலாவியில் பஸ் ஏறி, உப்பளங்களைத் தாண்டும்போதெல்லாம் இன்னொருவரின் நித்திரைக்காக துஆ கேட்டேன்.

வாணாம் என்று பதில் வந்தது. இஸ்திகாராவின் பதிலுக்கு எங்களிடையே யாரும் காரணம் கேட்பதில்லை. கேட்டால் அல்லாஹ்விடமே கணக்குக் கேட்ட மாதிரி. உம்மா எல்லாம் நஸீபு, எழுதிய விதி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். அடுத்த பள்ளித் தவணையில் டீச்சர் வேறு ஊருக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு போனார். பிறகு நானும் கலியாணம் முடித்தேன். நல்ல மனுசி, குறையொன்றும் இல்லை. ஆனாலும் இடைவேளை மணி அடித்தால் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடாது.

போன மாதம் பாலாவிச் சந்தியில் டீச்சரைக் கண்டேன். கண்ணாடி போட்டிருந்தார், கொஞ்சம் மெலிந்திருந்தார். மகளுக்கு மாப்பிள்ளை பேசி வந்திருக்கிறார்களாம், மகள் தொழுதுவிட்டுச் சொல்கிறேன் என்றாளாம். அவரே அந்தப் பேச்சை எடுத்ததால் எனக்கும் துணிவு வந்தது.

"அண்டைக்கு உங்களுக்கு என்ன பதில் வந்திச்சு டீச்சர்?"

சந்தியில் போகும் லொறிகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

"ஓம் எண்டுதான். ஒவ்வொரு தரமும் ஓம் எண்டுதான் மனசு சாஞ்சிச்சு. ஆனா எனக்கும் அவ்வளவு விருப்பம் சேர். அது அல்லாஹ் காட்டினதா, என்ட ஆசை காட்டினதா எண்டு பிரிக்கத் தெரியல்ல. என்ட ஆசைய அவன்ட பேருல செல்ல பயமா ஈந்திச்சு. அதுதான் வாணாம் எண்டு செல்லிட்டன்."

பழைய பழக்கத்தில் மடக்கினேன்.

"அந்த மனசையும் அவன்தானே படைச்சான்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"அத நீங்க அண்டைக்கு வந்து செல்லியிருக்கணும் சேர்" என்றார்.